அகராதிகளின் கதை – 9: ‘யு’வைத் துரத்திய வாத்தியார்

1776 ஜூலை 4 தேதியிட்ட அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் கடைசிச் சொல் ‘ஹானர்’. உயிரையும் உடைமையையும் மானத்தையும் ஒருவருக்கொருவர் ஈடு வைத்துக் கையெழுத்திடும் இடம் அது. தோல்தாளில் எழுதப்பட்ட அந்தப் பிரதியில் ‘ஹானர்’ என்ற சொல்லுக்குள் ‘யு’ இல்லை. இன்றைய அமெரிக்கர் எழுதுவதுபோல ஓ, ஆர் என்று முடிகிறது. மூன்றாம் ஜார்ஜ் மன்னனை உதறிய கையோடு அவன் நாட்டு எழுத்துக்கூட்டலையும் உதறிவிட்டார்கள் போலிருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அதே தாளில் சற்று மேலே கண்ணை ஓட்டினால் அந்த நினைப்பு கலைந்துவிடும். மன்னன் செய்த குற்றங்களைப் பட்டியலிடும் பகுதியில் ‘நெய்பரிங்’ வருகிறது, ‘எண்டெவர்ட்’ வருகிறது. இரண்டிலும் ‘யு’ பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. பதினோரு வருடம் கழித்து, 1787-ல் எழுதப்பட்ட அரசியல் சாசனத்தில் குழப்பம் இன்னும் கூடுதல். ‘பிஹேவியர்’, ‘லேபர்’ இரண்டுக்கும் ‘யு’ உண்டு. ‘ஹானர்’ சொல்லுக்கு மட்டும் இல்லை. முகவுரையில் வரும் ‘டிஃபென்ஸ்’ இன்றைய பிரிட்டிஷ் முறைப்படி ‘சி’ போட்டு எழுதப்பட்டிருக்கிறது. கையெழுத்திட்டவர்களின் மாநிலங்களைக் குறிக்கும் இடத்தில் பென்சில்வேனியாவுக்கு ஓர் ‘என்’ குறைகிறது. ஒரு தேசத்தின் மூல ஆவணத்திலேயே இந்தக் கதி.

எழுதியவர்கள் படிக்காதவர்கள் அல்ல. ஒரு சொல்லுக்கு ஒரே எழுத்துக்கூட்டல்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அப்போது அட்லாண்டிக் கடலின் இரு கரையிலும் முழுதாக வேரூன்றவில்லை, அவ்வளவுதான். ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் முதன்முதலாகத் தொகுக்கப்பட்ட 1623-ஆம் வருடப் பதிப்பைப் புரட்டினால், ‘யு’ உள்ள ஹானரும் இல்லாத ஹானரும் அடுத்தடுத்து வருகின்றன. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு ‘யு’ கிடையாது. நார்மன் படையெடுப்புக்குப் பின் பிரெஞ்சு வழியாக வந்ததால் ஒட்டிக்கொண்ட எழுத்து அது. லத்தீனைப் பிடித்தவர்கள் விட்டு எழுதினார்கள். பிரெஞ்சைப் பிடித்தவர்கள் சேர்த்து எழுதினார்கள். பெரும்பாலானவர்கள் அன்றைக்குக் கைக்கு எப்படி வந்ததோ அப்படி எழுதினார்கள்.

இங்கிலாந்தில் இதற்கு ஒரு முடிவு கட்டியவர் சாமுவேல் ஜான்சன். 1755 ஏப்ரல் 15 அன்று வெளிவந்த அவருடைய அகராதியில் நாற்பத்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் இருந்தன. சந்தேகம் வந்தால் பிரெஞ்சுப் பக்கம் சாய்வது அவர் வழக்கம். அதனால் ஹானர், கலர், ஃபேவர் எல்லாவற்றுக்கும் ‘யு’ உறுதியானது. அதோடு ‘கவர்னர்’, ‘எம்பரர்’, ‘எரர்’, ‘டெரர்’ ஆகியவற்றுக்கும் அவர் ‘யு’ கொடுத்தார். அந்த ‘யு’க்களைப் பின்னாளில் கழற்றி எறிந்தவர்கள் ஆங்கிலேயர்களே, அமெரிக்கர் யாரும் அவர்களைத் தூண்டவில்லை. ‘மியூசிக்’, ‘பப்ளிக்’ சொற்களின் கடைசியில் ‘சி’க்குப் பிறகு ஒரு ‘கே’யையும் ஜான்சன் வைத்திருந்தார். அவரிடமும் ஒழுங்கு முழுமையாக இல்லை. மேட்டில் ஏறுவதைக் குறிக்கும் ‘அப்ஹில்’ சொல்லுக்கு இரண்டு ‘எல்’, பள்ளத்தில் இறங்குவதைக் குறிக்கும் ‘டவுன்ஹில்’ சொல்லுக்கு ஒன்றே ஒன்று. இறங்கும்போது ஓர் எழுத்து உருண்டு போய்விட்டது போலும்.

அந்த ஜான்சனை எதிர்த்துத்தான் கனெக்டிகட்டிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கிளம்பினார்.

நோவா வெப்ஸ்டர் 1758 அக்டோபர் 16 அன்று ஹார்ட்ஃபர்ட் ஊரின் மேற்குப் பகுதியில் ஓர் உழவர் வீட்டில் பிறந்தார். மகனை யேல் கல்லூரிக்கு அனுப்பத் தந்தை நிலத்தை அடகு வைத்தார். 1778-ல் பட்டம் பெற்றபோது நாட்டில் போர் நடந்துகொண்டிருந்தது. சட்டம் படித்தும் வழக்கு வரவில்லை. வேறு வழியில்லாமல் வாத்தியார் வேலை. 1782-ல் நியூயார்க் மாநிலத்தின் கோஷன் என்ற சிற்றூரில் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்தார். அவர் கையில் இருந்த பாடநூல் தாமஸ் டில்வொர்த் என்ற ஆங்கிலேய ஆசிரியர் 1740-ல் வெளியிட்டது. அதை அமெரிக்காவில் 1747-லேயே அச்சிட்டு விற்றவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின்.

வெப்ஸ்டருக்கு அந்த நூல் எரிச்சலூட்டியது. அதிலிருந்த ஊர்ப்பெயர்கள் எல்லாம் இங்கிலாந்து ஊர்கள். கனெக்டிகட் பையனுக்கு அவற்றால் என்ன பயன்? அசை பிரிப்பும் வாய்க்கு ஒத்துவரவில்லை. ‘சால்வேஷன்’ என்ற சொல்லை எல்லோரும் மூன்று அசையாகச் சொல்லிக்கொண்டிருக்க, புத்தகம் நான்காகப் பிரித்துப் படிக்கச் சொன்னது. 1783-ல் வெப்ஸ்டர் தன் சொந்தப் பொறுப்பில் ஒரு பாடநூலை அச்சிட்டார். 5,000 பிரதிகளும் ஓராண்டுக்குள் தீர்ந்தன. நீல அட்டை போட்டு வந்ததால் ‘நீல அட்டை ஸ்பெல்லர்’ என்ற பெயர் நிலைத்தது. அடுத்த நூறு ஆண்டுகளில் அது பல கோடிப் பிரதிகள் விற்றது. அமெரிக்க வீடுகளில் பைபிளுக்கு அடுத்த இடம் அதற்குத்தான் என்று சொல்வார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்த 1783 நூலில் வெப்ஸ்டர் ஜான்சனின் கட்சி. ஹானர், ஃபேவர் சொற்களிலிருந்து ‘யு’வை எடுப்பவர்களை முன்னுரையிலேயே கிண்டல் செய்தார், எடுக்கத்தான் வேண்டுமென்றால்கூட அவர்கள் தவறான எழுத்தை எடுத்திருக்கிறார்கள் என்பது அவர் வாதம். ‘யு’வின் பரம எதிரி என்று உலகம் இன்று அறியும் மனிதர் இருபத்தைந்து வயதில் அதற்குக் காவலாக நின்றிருக்கிறார்.

அவரைக் கட்சி மாற்றியதில் எண்பது வயது ஃபிராங்க்ளினுக்குப் பங்கு உண்டு. ஃபிராங்க்ளின் 1768-லேயே ஆங்கிலத்துக்கு ஒரு புது எழுத்து வரிசை தயாரித்திருந்தார். சி, ஜே, கியூ, டபிள்யூ, எக்ஸ், ஒய் ஆறையும் நீக்கிவிட்டு, ஒலிக்கு ஒன்றாக ஆறு புதிய எழுத்துகளைச் சேர்த்திருந்தார். அந்த எழுத்தில் நண்பர்களுக்குக் கடிதமும் எழுதினார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1786-ல் வெப்ஸ்டரிடம் அந்தத் திட்டத்தைக் காட்டி, வார்த்து வைத்திருந்த அச்செழுத்துகளையும் தந்துவிடுவதாகச் சொன்னார் முதியவர். புது எழுத்துகளை நாடு ஏற்காது என்று வெப்ஸ்டர் கணக்குப் போட்டார். அவற்றை வேண்டாமென்று விட்டு, எழுத்துக்கூட்டல் திருத்தம் என்ற எண்ணத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

1789-ல் ஃபிராங்க்ளினுக்கே காணிக்கையாக்கி வெளியிட்ட ஆங்கில மொழி பற்றிய ஆய்வுரைகளின் பின்னிணைப்பில் அந்த எண்ணம் முழு வடிவம் பெற்றது. ஒலிக்காத எழுத்துகள் எல்லாம் போக வேண்டும். ‘ஃபிரெண்ட்’ என்பதற்கு நடுவில் ‘ஐ’ எதற்கு? ‘பில்ட்’ என்பதற்குள் ‘யு’ எதற்கு? ‘ஹெட்’ சொல்லுக்கு மூன்று எழுத்து போதாதா? ‘டாட்டர்’, ‘லாஃப்’, ‘டஃப்’ முதலியவற்றைக் காதால் கேட்டபடி எழுதினால் குழந்தை ஏன் அழப்போகிறது?

குழந்தைகளின் வசதியோடு அவர் நிற்கவில்லை. எழுத்துகள் குறைந்தால் பதினெட்டுப் பக்கத்துக்கு ஒரு பக்கம் காகிதம் மிச்சம் என்று கணக்குக் காட்டினார். அதைவிடக் கூர்மையான வாதம் ஒன்றையும் வைத்தார். அமெரிக்க எழுத்துக்கூட்டல் வேறாகிவிட்டால், ஆங்கிலேயர் அதைப் பின்பற்றமாட்டார்கள். அப்போது அமெரிக்கப் பிள்ளைகள் படிக்கும் புத்தகம் எல்லாம் அமெரிக்காவிலேயே அச்சாகித் தீரவேண்டும். லண்டன் சரக்குக்கு இந்தக் கரையில் வேலை இருக்காது. வரி போடாமலே வெளிநாட்டுச் சரக்கைத் தடுக்கும் வழி! மொழிப்பற்று, தேசப்பற்று, புத்தக வியாபாரம் மூன்றும் ஒரே முடிச்சில். இதில் எது முதல், எது பிறகு என்று வெப்ஸ்டரின் வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். அவருடைய தொழிலைப் பார்த்தால் மூன்றையும் பிரிக்கவே முடியாது என்று படுகிறது. பதிப்புரிமைச் சட்டம் வேண்டுமென்று மாநிலம் மாநிலமாக அலைந்து ஆட்சியாளர்களின் கதவைத் தட்டியவரும் அவரேதான். கனெக்டிகட் 1783-ல் அப்படியொரு சட்டம் போட்டது. நாடு முழுவதற்குமான சட்டம் 1790-ல் வந்தது. தன் பாடநூலைத் திருட்டுப் பதிப்பிலிருந்து காப்பாற்றக் கிளம்பியவர் ஒரு தேசத்து எழுத்தாளர்களுக்கெல்லாம் வேலி போட்டுக் கொடுத்தார்.

1790-ல் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பில் வெப்ஸ்டர் தன் மருந்தைத் தானே குடித்துக் காட்டினார். நூலின் தலைப்பிலேயே ‘ஃபியூஜிடிவ்’ என்ற சொல்லின் கடைசி ‘இ’ காணாமல் போயிருந்தது. முன்னுரையைப் படித்தவர்கள் அச்சுப்பிழை மலிந்த புத்தகம் என்று நினைத்திருக்க வேண்டும். ஊர் சிரித்தது. மனிதருக்கு ஏற்கெனவே தற்பெருமைக்காரர் என்ற பெயர் உண்டு. அவர் ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்து சேர்ந்தபோது ஒருவர் வாழ்த்துச் சொல்ல, வாழ்த்த வேண்டியது இந்த நகரத்தைத்தான் என்று பதில் சொன்னாராம். தாமஸ் ஜெஃபர்சன் அவரை அறிவு குறுகிய வெறும் பள்ளி வாத்தியார் என்ற பொருள்பட நண்பருக்கு எழுதினார்.

ஜெஃபர்சனுக்கும் இதே சண்டையில் ஓர் அடி விழுந்திருந்தது. ‘பிலிட்டில்’ என்ற சொல்லை உருவாக்கி, வர்ஜீனியா பற்றிய தன் நூலில் பயன்படுத்தியவர் அவர். 1787-ல் லண்டன் பத்திரிகை ஒன்று அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கேலி செய்து தீர்த்தது. இன்று லண்டன் நாடாளுமன்றத்தில் அந்தச் சொல் இல்லாமல் ஒரு வாரம் ஓடாது. அதற்கு முன்பே, 1781-ல், பிரின்ஸ்டன் கல்லூரித் தலைவர் ஜான் விதர்ஸ்பூன் அமெரிக்கர்களின் தனி வழக்குகளைத் தொகுத்துக் குறைசொல்லி ‘அமெரிக்கனிசம்’ என்ற பெயர் சூட்டினார். விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர், பிறப்பால் ஸ்காட்லாந்துக்காரர். மன்னனோடு உறவை முறிக்கத் துணிந்தவருக்கு மன்னனின் ஆங்கிலத்தோடு முறிக்க மனம் வரவில்லை.

1800-ல் வெப்ஸ்டர், அமெரிக்காவுக்கென்று ஓர் அகராதி எழுதப்போவதாகப் பத்திரிகையில் அறிவித்தார். மறுபடியும் கேலி. முன்னோட்டமாக 1806-ல் சுமார் 37,000 சொற்களோடு ஒரு சிறிய அகராதி வந்தது. இன்று உலகம் அமெரிக்க எழுத்துக்கூட்டல் என்று அறிவது ஏறக்குறைய அதில் இருக்கிறது. கலர், ஹானரில் ‘யு’ இல்லை. சென்டரும் தியேட்டரும் ‘ஈ-ஆர்’ என்று முடிகின்றன. டிஃபென்ஸுக்கு ‘எஸ்’. மியூசிக்குக்குக் கடைசிக் ‘கே’ இல்லை. சிறைச்சாலைக்கு ‘ஜே’யில் தொடங்கும் ‘ஜெயில்’.

பெரிய அகராதிக்கு இன்னும் இருபத்திரண்டு ஆண்டு பிடித்தது. வளைந்த மேசை ஒன்றைச் சுற்றிலும் பல மொழி அகராதிகளை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு சொல்லின் வேரைத் தேடி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்துகொண்டே இருப்பார். சமஸ்கிருதம், அரபு, எபிரேயம் உட்பட இருபதுக்கு மேற்பட்ட மொழிகளைக் கற்றதாகச் சொல்வார்கள். அந்த உழைப்பின் பெரும்பகுதி வீண்தான். பைபிள் சொல்வதுபோல எல்லா மொழிக்கும் ஒரே மூலம் என்று நம்பிய அவர், ஜெர்மானிய அறிஞர்கள் அதே காலத்தில் கட்டிக்கொண்டிருந்த மொழி ஒப்பியலைக் கண்டுகொள்ளவே இல்லை. அவருடைய சொற்பிறப்புகளைப் பின்வந்தவர்கள் அடியோடு மாற்ற வேண்டியிருந்தது. ஆனால் பொருள் விளக்கத்தில் அவருக்கு நிகர் அன்று யாருமில்லை. எதிரிகளும் அதை ஒப்புக்கொண்டார்கள்.

1824-ல் நூல்களைத் தேடி மகனோடு பாரிஸ் போனார். அங்கிருந்து இங்கிலாந்து. 1825 ஜனவரியில், கேம்பிரிட்ஜில் தங்கியிருந்த அறையில் கடைசிச் சொல்லை எழுதி முடித்தார். ஆம், ‘அமெரிக்க அகராதி’ எழுதி முடிக்கப்பட்ட இடம் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்! 1828-ல் இரண்டு தொகுதிகளாக, 70,000 சொற்களோடு வெளிவந்தபோது அவருக்கு வயது எழுபது. ‘ஸ்கங்க்’, ‘ஹிக்கரி’ என்று அந்த மண்ணின் விலங்கும் மரமும் அதில் இடம்பெற்றன. விலை 20 டாலர். சாதாரண வீட்டுக்கு எட்டாத தொகை. அமெரிக்காவில் 2,500 பிரதிகள் அச்சாயின. பிறகு இங்கிலாந்தில் 3,000. கணக்கைப் பார்த்தால் அமெரிக்க அகராதி இங்கிலாந்தில்தான் கூடுதலாக அச்சாகியிருக்கிறது.

எழுத்துக்கூட்டலில் எது பிழைத்தது, எது செத்தது என்று பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. நாவைக் குறிக்கும் ‘டங்’ சொல்லை ‘டி-யு-என்-ஜி’ என்று 1828-லும் விடாமல் எழுதினார். ‘ஏக்கர்’ சொல்லுக்கு ஏ-கே-ஈ-ஆர் வேண்டும் என்றார். ஒன்றும் எடுபடவில்லை. பிழைத்தவை எல்லாம் அவருக்கு முன்பே அச்சில் அங்கங்கே நடமாடிக்கொண்டிருந்தவை. ‘யு’ இல்லாத ஹானரை ஷேக்ஸ்பியர் பதிப்பிலேயே பார்த்தோம். ‘கே’ இல்லாத மியூசிக்கை லண்டன் அச்சகங்களே எழுதத் தொடங்கியிருந்தன. அந்த மாற்றத்தை இரு நாடும் ஏற்றதால் அதில் இன்று யாரும் அமெரிக்க வாடையைப் பார்ப்பதில்லை. வெப்ஸ்டர் புதிதாகப் படைத்தவர் அல்லர். இருந்த இரண்டில் ஒன்றைப் பொறுக்கி, அதைக் கோடிக்கணக்கான பிள்ளைகளின் வாயில் போட்டவர். அவர் வலிமை அகராதியில் இல்லை, 14 காசு நீல அட்டையில் இருந்தது.

எழுத்துகளைக் குறைப்பதுதான் அமெரிக்க முறை என்றும் சொல்லிவிட முடியாது. ‘டிராவலர்’ சொல்லுக்கு அமெரிக்கர் ஒரு ‘எல்’ போடுவார்கள், ஆங்கிலேயர் இரண்டு. அழுத்தம் கடைசி அசையில் விழுந்தால்தான் இரட்டிக்க வேண்டும் என்பது வெப்ஸ்டர் விதி. ‘ஸ்கில்ஃபுல்’, ‘ஃபுல்ஃபில்’ சொற்களில் நிலைமை தலைகீழ். அங்கே ஆங்கிலேயர் சிக்கனம், அமெரிக்கர் தாராளம்.

வெப்ஸ்டர் கடனோடுதான் போனார். இரண்டாம் பதிப்புக்காக வீட்டை அடகு வைத்தார். 1841-ல் அது வந்தது. 1843 மே 28 அன்று நியூ ஹேவனில் இறந்தார். விற்காத பிரதிகளையும் உரிமையையும் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டைச் சேர்ந்த ஜார்ஜ் மெரியம், சார்லஸ் மெரியம் சகோதரர்கள் வாங்கினார்கள். வெப்ஸ்டர் செய்யத் தவறியதை அவர்கள் செய்தார்கள். மருமகன் சாவுன்சி குட்ரிச்சைக் கொண்டு விசித்திரமான எழுத்துக்கூட்டல்களைக் களைந்து, 1847-ல் ஒரே தொகுதியாக 6 டாலருக்கு விற்றார்கள். எதிரில் நின்றவர் ஜோசப் எமர்சன் வூஸ்டர். ஒரு காலத்தில் வெப்ஸ்டர் அகராதியைச் சுருக்கித் தந்தவர். பிறகு பிரிட்டிஷ் வழக்குக்கு நெருக்கமாகத் தனி அகராதி போட்டவர். பாஸ்டன் படிப்பாளிகள் வூஸ்டர் பக்கம் நின்றார்கள். பள்ளிக்கூடங்களைக் குறிவைத்தவர்கள் மெரியம்கள். முப்பது வருடத்துக்கு மேல் விளம்பரமும் வசையுமாக நடந்த இந்தச் சண்டையை அமெரிக்கர்கள் ‘அகராதிப் போர்’ என்றே அழைத்தார்கள். 1864-ல், சொற்பிறப்புகளையெல்லாம் ஒரு ஜெர்மானிய அறிஞரைக் கொண்டு புதிதாக எழுதிய வெப்ஸ்டர் பதிப்பு வந்ததும் போர் முடிந்தது.

திருத்த ஆசை மட்டும் அடங்கவில்லை. 1906-ல் எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னெகியின் பணத்தில் எளிய எழுத்துக்கூட்டல் வாரியம் ஒன்று நியூயார்க்கில் அமைந்தது. நூலகத் தசம முறையை வகுத்த மெல்வில் டூயி அதில் முக்கியமானவர். பெற்றோர் வைத்த மெல்வில் என்ற பெயரின் வாலிலிருந்து இரண்டு எழுத்துகளை வெட்டியவர். குடும்பப் பெயரைச் சில காலம் டி-யு-ஐ என்று மூன்றே எழுத்தில் எழுதியவர். வாரியம் 300 சொற்களின் பட்டியலை வெளியிட்டது. ‘த்ரூ’, ‘தோ’ போன்றவற்றின் வாலை வெட்டச் சொன்னது. பட்டியலில் பெரும்பகுதி அமெரிக்கர் ஏற்கெனவே எழுதிவந்தவைதான். ஆனால் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் அரசு அச்சகத்துக்கு இந்தப் பட்டியலைப் பின்பற்ற உத்தரவிட்டதும் ரகளை தொடங்கியது. லண்டன் பத்திரிகைகள் எகிறின. உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளில் இந்த வேலை ஆகாது என்றது. கடற்படை அணிவகுப்பில் ஒரு சிறு படகு ‘பிரெஸ் பாட்’ என்று எழுத்து குறைத்து எழுதிக்கொண்டு போக, ரூஸ்வெல்ட்டே சிரித்துவிட்டாராம். டிசம்பரில் பிரதிநிதிகள் சபை பெரும்பான்மையாக வாக்களித்து, அரசு ஆவணங்கள் வழக்கமான எழுத்துக்கூட்டலிலேயே வரவேண்டும் என்றது. உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. நாட்டின் தலைவரால் ஆணையிட்டுச் செய்ய முடியாததை நீல அட்டைப் புத்தகம் சத்தமில்லாமல் செய்திருந்தது. சிகாகோ டிரிப்யூன் நாளேடு மட்டும் 1934 தொடங்கித் தனக்கென்று ஓர் எளிய பட்டியலை வைத்துக்கொண்டு நடத்திப் பார்த்தது. 1975-ல் அதுவும் கைவிட்டது.

இந்தக் கதையில் இங்கிலாந்து அசையாமல் நின்றது, அமெரிக்காதான் விலகிப் போனது என்ற நம்பிக்கை நம்மூர் ஆங்கில ஆசிரியர்களிடம் வலுவாக உண்டு. உண்மை அப்படி இல்லை. இலையுதிர் காலத்தை அமெரிக்கர் ‘ஃபால்’ என்பது பழைய இங்கிலாந்து வழக்கு. அவர்கள் கப்பலேறிக் கொண்டுபோனார்கள், பின்னால் இங்கிலாந்து ‘ஆட்டம்’ என்ற சொல்லுக்கு மாறியது. ‘கெட்’ என்ற வினைக்கு ‘காட்டன்’ என்று அமெரிக்கர் சொல்லும் இறந்தகால எச்ச வடிவமும் அப்படியே. ‘புரோகிராம்’ சொல்லின் கடைசியில் இரட்டை ‘எம்’ போட்டு ‘இ’ சேர்த்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சு மோகம். அமெரிக்காவில் இருப்பதுதான் முந்தைய வடிவம். ‘சாக்கர்’ என்ற சொல்லை அமெரிக்கப் பட்டிக்காட்டு வழக்கு என்று இங்கிலாந்து ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். ‘அசோசியேஷன்’ என்ற சொல்லின் நடுவிலிருந்து அதைக் கிள்ளி எடுத்தவர்கள் இங்கிலாந்து மாணவர்களே. ‘ஆர்கனைஸ்’, ‘ரியலைஸ்’ போன்றவற்றுக்கு ‘இசட்’ போட்டால் அமெரிக்கத்தனம் என்று சிவப்பு மையால் சுழிப்பவர்கள், ஆக்ஸ்ஃபர்ட் ஆங்கில அகராதி அந்த ‘இசட்’டைத்தான் இன்றும் வைத்திருக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ளலாம்.

அலுமினியம் கதை தனி. அந்த உலோகத்துக்கு முதலில் பெயர் யோசித்தவர் இங்கிலாந்தின் ஹம்ஃப்ரி டேவி. 1808-ல் ‘அலுமியம்’ என்றார். 1812-ல் மாற்றி ‘அலுமினம்’ என்றார். சோடியம், பொட்டாசியம் வரிசையில் இது ஒட்டவில்லை என்று லண்டன் விமர்சகர் ஒருவர் ‘அலுமினியம்’ என்று திருத்த, ஐரோப்பா அதைப் பிடித்துக்கொண்டது. வெப்ஸ்டர் 1828-ல் டேவி சொன்னதையே போட்டுவைத்தார். 1925-ல் அமெரிக்க வேதியியல் சங்கம் அதை உறுதி செய்தது. ஆக, பெயர் வைத்த ஆங்கிலேயரின் சொல்லுக்கு விசுவாசமாக இருப்பவர்கள் அமெரிக்கர்கள். 1990-ல் பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் ஒரு சமரசம் செய்தது போலத் தோன்றும்: அலுமினியத்தில் பிரிட்டிஷ் வடிவம், கந்தகத்துக்கு ‘எஃப்’ போட்ட அமெரிக்க வடிவம். தமிழ்நாட்டுப் பாத்திரக்கடையில் இன்றும் ‘அலுமினியம்’ என்கிறோம். லாரி, லிஃப்ட், பெட்ரோல் போல அதுவும் பிரிட்டிஷ் வழியாக வந்து சேர்ந்தது.

எழுத்துக்கூட்டல் வேறுபட்டால் சிரித்துவிட்டுப் போகலாம். ஒரே சொல் இரு கரையில் எதிரெதிர்ப் பொருள் தரும்போதுதான் ஆபத்து. ஒரு விஷயத்தை ‘டேபிள்’ செய்வது என்றால் லண்டனில் உடனே விவாதத்துக்கு எடுப்பது, வாஷிங்டனில் ஒத்திப்போடுவது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் தளபதிகள் அவசரமான ஒரு தாளை ‘டேபிள்’ செய்ய வேண்டும் என்று கேட்க, மிக முக்கியமான விஷயம், அதை ‘டேபிள்’ செய்யவே கூடாது என்று அமெரிக்கத் தளபதிகள் மறுத்திருக்கிறார்கள். சூடான வாக்குவாதம் நீண்ட பிறகுதான் இரு தரப்பும் ஒன்றையே கேட்கிறது என்பது புரிந்தது. தன் போர் வரலாற்றில் இதைப் பதிவு செய்தவர் வின்ஸ்டன் சர்ச்சில். தாய் அமெரிக்கர், தந்தை ஆங்கிலேயர். ‘பில்லியன்’ விவகாரமும் லேசானதல்ல. அமெரிக்கர் கணக்கில் அது நூறு கோடி. ஆங்கிலேயர் கணக்கில் லட்சம் கோடி. 1974 டிசம்பரில் பிரதமர் ஹெரால்டு வில்சன், இனி அரசுப் புள்ளிவிவரங்களில் பில்லியன் என்றால் நூறு கோடிதான் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். ஏகாதிபத்தியம் இழந்த நாடு மூன்று சைபரையும் இழந்தது.

‘யு’வுக்காக நடந்த சண்டையின் வினோதமான மிச்சம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. அந்த நாட்டில் உழைப்பு என்ற பொருளுள்ள ‘லேபர்’ சொல்லை ‘யு’ சேர்த்துத்தான் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் 1912 முதல் அங்குள்ள தொழிலாளர் கட்சி தன் பெயரை ‘யு’ இல்லாமல் எழுதிவருகிறது. அமெரிக்கத் தொழிலாளர் இயக்கத்தின் மேலிருந்த ஈர்ப்பு அதற்கு ஒரு காரணம். இன்று ஆஸ்திரேலியச் செய்தித்தாளில் ஒரே வாக்கியத்தில் கட்சிக்கு ஒன்று, உழைப்புக்கு ஒன்று என இரண்டு எழுத்துக்கூட்டல்களைப் பார்க்கலாம். தவறு என்று யாரும் கடிதம் போடுவதில்லை.

நீல அட்டைப் புத்தகம் வளர்த்த எழுத்துக்கூட்டல் போட்டிகள் அமெரிக்கக் கிராமங்களில் பொழுதுபோக்காக இருந்து, 1925-ல் தேசியப் போட்டியாயின. அங்கே கடைசித் தீர்ப்பு மெரியம்-வெப்ஸ்டர் அகராதியினுடையது. 1985-ல் அதில் வென்ற முதல் இந்திய வம்சாவளிச் சிறுவன் பாலு நடராஜன். வெற்றி தந்த சொல் ‘மில்யூ’. அதன் கடைசி எழுத்து, பார்க்கப்போனால், ‘யு’.

வெப்ஸ்டரின் நூல்களால் எழுத்துக்கூட்டப் பழகிய தலைமுறை, அமெரிக்காவோடு நின்றுவிடவில்லை. 1816 முதல் நியூ இங்கிலாந்திலிருந்து மிஷனரிகள் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார்கள். அவர்களில் வெர்மாண்ட் மாநிலத்தில் 1789-ல் பிறந்த மிரன் வின்ஸ்லோ, 67,000-க்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட தமிழ்–ஆங்கில அகராதியை 1862-ல் சென்னையில் வெளியிட்டார். அந்தக் கதை அடுத்த இதழில்.